கடைசிப் பெட்டிக்குப் பின்னால்

அலோர் ஸ்டார்
6-6-1943

அன்புள்ள நவமணிக்கு,

நானும் உன் அண்ணனும் நலமாக வந்து சேர்ந்தோம். உனக்குக் கோபம் இருக்கும். இந்தக் கடிதத்தைக் கிழிப்பதாக இருந்தால் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

வியாழக்கிழமை நீ மரவள்ளிக் காட்டுக்குப் போன சற்று நேரத்தில் காஜா மைதீன் பாய் சைக்கிளில் உப்பு மூட்டையோடு வந்தார். அலோர் ஸ்டாரில் ஆற்றோரத்து நெல் கிடங்கு ஒன்றில் இரண்டு ஆள் வேண்டும், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு முத்திரை போட்ட சீட்டு கொடுக்கிறார்கள், சீட்டு உள்ளவனை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் வேலைக்குப் பிடிப்பதில்லை என்றார். "இப்பவே கெளம்பினா உண்டு. நாளைக்கு வேற ஆள் வந்துருவான்" என்றார். அன்று மாலை தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அந்த வேலைக்குப் பெயர் எழுத வருவதாக இருந்தது உனக்கும் தெரியும். சித்திரையில் போன பதினொரு பேரில் ஒருவரிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை என்பதும் தெரியும். காட்டுக்கு ஓடி வந்து உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ அழுவாய், நான் நின்றுவிடுவேன். அதற்குப் பயந்துதான் அரிசி டின்னுக்குள் துண்டுக் காகிதம் வைத்துவிட்டு வந்தேன்.

எங்கள் இருவர் சீட்டின் நகலையும் முத்திரையோடு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கிராணியிடம் காட்டு.

வேலையைச் சொல்கிறேன். ரயில் பாதையிலிருந்து ஒரு கிளைத் தண்டவாளம் கிடங்குக்கு வருகிறது. சுவரோரமாகப் போய் ஒரு பெரிய மரத்தடுப்பில் முடிகிறது. எஞ்சின் நெல் பெட்டிகளை உள்ளேவரை கொண்டுவராது. தூரத்திலேயே ஒரு தள்ளு தள்ளிவிட்டு நின்றுகொள்ளும். பெட்டி தானாக உருண்டு வந்து, முன்பே நிற்கிற பெட்டிகளில் முட்டி நிற்கும். நின்றதும் நானும் மச்சானும் ஓடிப் போய்ச் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

நேற்று ஒரு காலிப் பெட்டி குதிரை மாதிரி ஓடி வந்தது. முட்டியபோது சத்தம்தான், வேறொன்றும் இல்லை. பிற்பகலில் நெல் நிறைந்த பெட்டி ஒன்று பிள்ளைத்தாச்சி நடப்பதுபோல் வந்தது. இதை நிறுத்திவிடலாம் என்று எங்களோடு வேலை செய்யும் ஹாஷிம் தோள் கொடுத்தார். பத்தடி இழுத்துக்கொண்டு போய்விட்டது. வேகத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது, உள்ளே இருக்கும் சுமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன்.

இரண்டு வரியாவது எழுது. திட்டியாவது எழுது.

அன்புடன்,
பரஞ்சோதி


செமிலிங்
17-6-1943

அன்புள்ள அத்தானுக்கு,

கிழிக்கவில்லை. கிழித்தால் அடுப்புக்குத்தான் ஆகும், அடுப்பில் வைக்க ஒன்றும் இல்லை.

அரிசி டின்னில் வைத்தீர்களாம். அரிசி தீர்ந்து நாற்பது நாளாகிறது. அந்த டின்னை நான் எதற்குத் திறப்பேன்? அன்று பொழுது சாயும்வரை ஆற்றங்கரை, கோயிலடி, ரப்பர் புகைவீடு எல்லாம் தேடினேன். செல்லாயி அண்ணி "வந்துருவாங்க, வந்துருவாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அலோர் ஸ்டாருக்குப் போயிருக்காங்க. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு ஒன் அண்ணன் சொன்னாரு" என்றாள். ஆக, அண்ணிக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக் கூடாது.

நான் அழுவேன் என்று பயமாம். நான் அழுது நீங்கள் பார்த்தது எத்தனை தரம்? கலியாணத்தன்று ஒரு தரம். அதுவும் ஓமப் புகை.

கிராணி உங்கள் இருவர் பெயரையும் மூன்று தரம் கூப்பிட்டார். மறுநாளும் வந்தார். பாய் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் பேசாமல் போனார். பட்டியலில் இருந்த ஒன்பது பேரும் திங்கட்கிழமை லோரியில் ஏறினார்கள். அடுத்த லயத்து வரிசை வீட்டில் இருந்த முருகையாவும் போய்விட்டார். லோரி ரோட்டு முனையில் திரும்பி மறைந்தபோது உங்கள் மேல் இருந்த கோபம் பாதி குறைந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். அண்ணிக்கு மூன்று மாதம். அண்ணன் பிடிவாதக்காரர், அவசரக்காரர். பெட்டிகள் வந்து முட்டும் இடத்தில் அவரை நிற்க விடாதீர்கள். எங்காவது கோடியில், ஒதுக்குப்புறமாக ஒரு வேலை வாங்கிக் கொடுங்கள். நீங்களும் பார்த்து இருங்கள். அண்ணியைத் தனியாக விட முடியாது, இல்லாவிட்டால் நானே வந்து உங்கள் இருவரையும் பிடித்து உட்கார வைத்திருப்பேன்.

பாயிடம் ஆறு முட்டை கொடுத்திருக்கிறேன். இலவம் பஞ்சு கொஞ்சம்தான் இருந்தது. உங்களுக்கு மூன்று, அண்ணனுக்கு மூன்று.

நவமணி


அலோர் ஸ்டார்
29-6-1943

அன்புள்ள நவமணிக்கு,

ஆறு முட்டையில் நான்கு வழியிலேயே உடைந்துவிட்டன. பாயின் சைக்கிளுக்கு டயர் கிடையாது. பழைய ரப்பர் குழாயைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். பள்ளத்தில் இறங்கும்போது மனிதருக்கே பல் ஆடுகிறது, முட்டை என்ன செய்யும். ஓரத்தில் இருந்தவை போய்விட்டன. நடுவில் பஞ்சுக்குள் புதைந்திருந்த இரண்டு மட்டும் கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தன. இரண்டையும் மச்சானே தின்றுவிட்டார். "என் தங்கச்சி குடுத்தது, ஒனக்கெதுக்கு" என்கிறார். நான் உன் புருஷன் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

நீ கேட்டபடி அவருக்கு இடம் மாற்றிவிட்டேன். கடைசிப் பெட்டிக்கும் மரத்தடுப்புக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்த்துக் குரல் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தேன். பெட்டி வந்து முட்டுவது இந்தக் கோடியில், அவர் நிற்பது அந்தக் கோடியில். நடுவில் ஐந்தாறு பெட்டி நிற்கிறது. இந்தக் கிடங்கிலேயே பத்திரமான இடம் அதுதான். அண்ணியிடம் சொல், நிம்மதியாக இருக்கட்டும்.

உன் கோபம் மீதிப் பாதியில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

பரஞ்சோதி


அலோர் ஸ்டார்
11-7-1943

நவமணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். மச்சானுக்குக் கொஞ்சம் காய்ச்சல். அதனால்தான் இந்த முறை அண்ணிக்கென்று அவர் சொல்லி நான் தனியாக எழுதும் தாள் இல்லை. பழைய மெல்லிய சேலை இருந்தால் இரண்டு கொடுத்தனுப்பு. இங்கே துணி கிடைப்பதில்லை. அண்ணியிடம் காய்ச்சல் என்றும் சொல்ல வேண்டாம். வேறு செய்தி இல்லை.

பரஞ்சோதி


செமிலிங்
16-7-1943

அத்தானுக்கு,

காய்ச்சலுக்கு யார் சேலை கேட்பார்கள்?

பாயை முற்றத்தில் நிறுத்தி வைத்துக் கேட்டேன். முதலில் "எனக்குத் தெரியாதும்மா" என்றார். "ஒங்க மக கமருன்னிசா கேட்டா இப்படித்தான் சொல்லுவீங்களா" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். "கால் போச்சுன்னு சொல்ல மாட்டேன். எலும்பு ஒடிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரில படுத்திருக்காரு. ஒம் புருஷன் தெனமும் போயி ஒக்காந்திருக்காரு" என்றார்.

அண்ணி கதவுக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வெளியே வந்து பாய்க்குத் தண்ணீர் கொடுத்தாள். பாய் போன பிறகு தன் கூறைப் புடவையை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். அதைத்தான் அனுப்பியிருக்கிறேன். பழைய சேலை எங்களிடம் இல்லை, எல்லாம் உடம்பில் இருக்கிறது.

நீங்கள் சொல்லாமல் போனதை மன்னித்துவிட்டேன். சொல்லாமல் மறைத்ததை எப்படி மன்னிப்பது என்று தெரியவில்லை. உங்கள் கடிதத்தை அண்ணிக்குப் படித்துக் காட்டுகிறவள் நான். நீங்கள் பொய் எழுதினால் என் வாயால்தான் அது அவள் காதுக்குப் போகிறது.

எது வந்து இடித்தது? அண்ணன் கோடியில் நிற்கிறார், நடுவில் ஐந்தாறு பெட்டி இருக்கிறது என்று எழுதினீர்களே. அதைத் தாண்டி அவரிடம் எது வந்தது? ஒன்றையும் விடாமல் எழுதுங்கள்.

நவமணி


அலோர் ஸ்டார்
25-7-1943

அன்புள்ள நவமணிக்கு,

எழுதுகிறேன். அண்ணிக்கும் அப்படியே படித்துக் காட்டு.

ஏழாம் தேதி காலை. ஆறு பெட்டிகள் ஒன்றையொன்று தொட்டபடி நின்றன. எல்லாம் நெல் நிறைந்தவை. மற்ற நாட்களில் பெட்டிகளைக் கொக்கி மாட்டிப் பிணைத்திருப்போம். அன்று ஒவ்வொன்றாக இழுத்து இறக்குவதற்காகக் கொக்கிகளைக் கழற்றியிருந்தோம். அப்போது ஏழாவது பெட்டியைத் தள்ளிவிட்டார்கள். மெதுவாகத்தான் வந்தது. அதன் பக்கத்தில் நான் நடந்தே வந்தேன், ஓடக்கூட இல்லை. மச்சான் அந்தக் கோடியிலிருந்து, "இன்னும் ரெண்டு மொழம் இருக்கு" என்று குரல் கொடுத்தார். குனிந்து கையால் அளந்துகொண்டிருந்திருக்கிறார்.

முட்டியது. வந்த பெட்டி அங்கேயே நின்றுவிட்டது. அடி வாங்கிய பெட்டி அசையவில்லை. அதற்கடுத்தது அசையவில்லை, அதற்கடுத்ததும் அசையவில்லை. டக், டக் என்று சத்தம் மட்டும் வரிசையில் ஓடியது. நான் இந்தப் பக்கம் சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியாக நடந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் அலறல் கேட்டது.

கடைசிப் பெட்டி மட்டும் வரிசையை விட்டுப் பிரிந்து, இருந்த இரண்டு முழத்தையும் ஒரே நொடியில் கடந்து மரத்தடுப்பில் போய் இடித்திருந்தது. மச்சான் உடம்பைத் திருப்பிக்கொண்டார். வலது காலை எடுக்க முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே மாட்டிக்கொண்டது.

நானும் ஹாஷிமும் இன்னும் நான்கு பேரும் கடப்பாரை போட்டுப் பெட்டியை நகர்த்தினோம். கிடங்கின் கதவு ஒன்றைக் கழற்றி அதில் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். வழியெல்லாம் அவர், "நவமணிகிட்ட சொல்லிராத" என்றுதான் சொன்னார். அதைச் சாக்காகச் சொல்லவில்லை. எனக்கே எழுதத் துணிவு வரவில்லை. எலும்பு இரண்டு இடத்தில் ஒடிந்திருக்கிறது. மூங்கில் பட்டை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சீழ் பிடிக்காவிட்டால் கூடிவிடும் என்கிறார் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரஸ்ஸர். அண்ணியின் சேலைதான் இப்போது அந்தக் கட்டு.

நான் நடந்து வந்த பெட்டி அவரைத் தொடவே இல்லை. நடுவில் நின்ற ஐந்து பெட்டியும் அசையவில்லை. ஆனாலும் அடி அவரிடம் போய்ச் சேர்ந்தது. இதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், விளங்கவில்லை. பத்திரமான இடம் என்று நான்தான் அவரை அங்கே நிறுத்தினேன். இனி நீ என்ன எழுதினாலும் சரி.

பரஞ்சோதி


செமிலிங்
3-8-1943

அன்புள்ள அத்தானுக்கு,

ஒரு வரி விடாமல் அண்ணிக்குப் படித்தேன். கிழங்கை உரித்தபடி கேட்டாள். முடிந்ததும், "கோடியில நிக்க வைங்கன்னு எழுதுனது யாரு, நீதானே? அவரு நீ சொன்னதத்தானே செஞ்சாரு" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். இத்தனை நாள் உங்கள் மேல் போட்டிருந்ததை அன்று நான் எடுத்து என் தலையில் வைத்துக்கொண்டேன். பிறகு அண்ணியே, "போதும், ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அழுது அந்தக் காலு கூடப் போறதில்ல" என்றாள். ஆகையால் நீங்களும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

விளங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு விளங்குகிறது. சின்ன வயதில் லயத்து வாசலில் அண்ணன் ஐந்து கோலிக் குண்டுகளை ஒட்டினாற்போல் வரிசையாக வைத்து, ஆறாவதால் ஒரு முனையில் அடிப்பார். நடுவில் இருப்பவை சும்மா கிடக்கும். அந்த முனையில் இருப்பது மட்டும் ஓடும். மந்திரம் என்று எனக்குச் சொல்லுவார். அடி காணாமல் போவதில்லை, அத்தான். ஒவ்வொன்றும் வாங்கி அடுத்ததிடம் கொடுத்துவிடுகிறது. கடைசியில் இருப்பதற்குக் கொடுக்க ஆள் இல்லை, அதனால் அதுவே ஓட வேண்டியிருக்கிறது.

இனி எழுதுவதைக் கேலி செய்யாமல் படியுங்கள். வெள்ளைக்காரத் துரை போனதிலிருந்து புகைவீட்டில் ரப்பர் ஷீட் கூரைவரை அடுக்கிக் கிடக்கிறது, வாங்க ஆளில்லை. எலி வராமல் இருக்க நாங்கள் மாதம் ஒரு தரம் கட்டுகளை இறக்கி ஏற்றுகிறோம். போன வாரம் மேலே இருந்து ஒரு கட்டு நழுவிச் சிமிட்டித் தரையில் விழுந்தது. தரை பெயர்ந்துவிட்டது. இன்னொன்று ஒட்டுப்பால் குவியலில் விழுந்தது. மரப்பட்டையும் தூசியுமாக மரத்திலிருந்து சுரண்டி எடுத்த பால்தானே அது, மெத்தை மாதிரி அமுங்கி வாங்கிக்கொண்டது. அதே கட்டு, அதே உயரம். சிமிட்டி, இந்த நொடியே நில் என்கிறது. ஒட்டுப்பால், மெதுவாக நில் என்கிறது. நிற்பதற்கு நேரம் கொடுத்தால் அடி குறைந்துவிடுகிறது. பஞ்சுக்குள் இருந்த இரண்டு முட்டையும் பிழைத்தது அதனால்தான்.

பெட்டி வந்து முட்டுகிற இரும்பில் ரப்பரைக் கட்டிப் பாருங்கள். மரத்தடுப்பிலும் கட்டுங்கள். பாயின் சைக்கிளில் ஏற்ற முடிந்தவரை ஷீட்டும் ஒட்டுப்பாலும் அனுப்பியிருக்கிறேன். கிராணி பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணனுக்குப் பதிலாக அந்தக் கோடியில் இப்போது நிற்பது யார் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்குத் தெரியும். அதனால்தான் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள்
நவமணி


அலோர் ஸ்டார்
19-8-1943

அன்புள்ள நவமணிக்கு,

உன் யோசனையால் முதலில் எனக்குக் கன்னத்தில் ஓர் அறை கிடைத்தது. முழுவதும் கேள்.

ஒட்டுப்பால் அழுக்காக இருந்ததால் நல்ல ஷீட்டையே இறுக்கிச் சுருட்டிக் கட்டினேன். காலிப் பெட்டி ஒன்று வேகமாக வந்தது. முட்டியது, சத்தமே இல்லை. நான் சிரித்து முடிப்பதற்குள் வந்த பெட்டி பந்து போலத் திரும்பி வந்த வழியே ஓடியது. தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்த ஹாஷிம் குதித்துத் தப்பினார். நிற்கிற பெட்டிகளும் முன்னைவிட அதிகமாக நகர்ந்துவிட்டன. யோசித்துப் பார்த்தால் சரிதான். வருவதை நிறுத்தினால் ஒரு பங்கு அடி. நிறுத்தித் திருப்பியும் ஓட்டினால் இன்னொரு பங்கு. இரண்டையும் சேர்த்து நிற்கிற பெட்டிதான் வாங்குகிறது. மேற்பார்வை ஜப்பான்காரர் வந்து, கட்டியிருந்ததைப் பார்த்தார், என் கன்னத்தில் ஒன்று கொடுத்தார். எல்லாவற்றையும் அவிழ்க்கச் சொன்னார்.

மறுநாள் அவர் பட்டணத்துக்குப் போயிருந்தார். துள்ளுகிறது வேண்டாம், அமுங்குகிறது வேண்டும் என்று ஹாஷிமும் நானும் பேசிக்கொண்டோம். கிடங்கில் உமிக்குப் பஞ்சமில்லை. சாக்கில் உமியையும் உன் ஒட்டுப்பாலையும் கலந்து அடைத்து, முட்டும் இரும்பில் தொங்கவிட்டோம். நெல் பெட்டி அதே நிதானத்தில் வந்தது. நான் மரத்தடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றேன், கோபிக்காதே. உமிச் சாக்கு உஸ்ஸென்று அமுங்கியது. ஆறு பெட்டியும் ஒன்றாக ஒரு சாண் நகர்ந்தன. கடைசிப் பெட்டி தனியாகப் பிரியவில்லை. கட்டை வைக்க எனக்கு வேண்டிய நேரம் இருந்தது.

பிற்பகல் ஜப்பான்காரர் திரும்பி வந்தார். என் கன்னம் தானாக ஓரடி பின்வாங்கியது. அவர் எங்களைப் பார்க்கவில்லை, பெட்டிக்குள் ஏறி மூட்டைகளைப் பார்த்தார். முன்பெல்லாம் ஒவ்வொரு முட்டலுக்கும் நாலைந்து மூட்டை பிரிந்து நெல் கொட்டும். அன்று ஒன்றுகூடப் பிரியவில்லை. "பாகுஸ்" என்றார். நல்லது என்று மலாயில் சொல்ல அவருக்கு அந்த ஒரு வார்த்தை தெரியும். மச்சானின் கால் ஒடிந்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூட்டைக்காகச் சரி என்றார். எதற்காகவோ, சரி என்றாரே என்று எடுத்துக்கொண்டேன்.

இனித்தான் நல்ல செய்தி. ஒட்டுப்பால் இன்னும் வேண்டும் என்று நம் தோட்டத்துக்கே லோரி அனுப்புகிறார். முப்பதாம் தேதி வருகிறோம். ஏற்றிவிட ஆளாக நானும் வருகிறேன். போகும்போது லோரி காலியாகத்தானே போகும், உமிச் சாக்குகளைப் பரப்பி அதில் மச்சானைப் படுக்க வைத்துக் கொண்டுவருகிறேன். எலும்பு கூடிவிட்டது. கால் ஒரு விரல் அளவு குட்டை. கம்பு ஊன்றி நிற்கிறார். அண்ணியிடம் முன்னதாகவே சொல்லி வை, பார்த்து அதிர வேண்டாம்.

இங்கே சாக்கு தைக்கும் பெண்களில் ஒருத்தி தன் ஊரான பாலிங்குக்கே திரும்பிப் போய்விட்டாள். அந்த இடத்துக்கு ஆள் தேடுகிறார்கள். யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. சும்மா எழுதினேன்.

பரஞ்சோதி


செமிலிங்
5-9-1943

அன்புள்ள அத்தானுக்கு,

லோரி வந்து நின்று புறப்பட்ட அந்த அரை மணி நேரத்தில் நான் உங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அண்ணி இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். சுற்றிலும் லயம் முழுக்க நிற்கிறது. கிராணி நிற்கிறார். நீங்கள் மெலிந்து, தாடியோடு, என்னைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டு ஒட்டுப்பாலைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் என்ன பேசுவேன்? தண்ணீர் கொடுத்தபோது உங்கள் விரல் என் கையில் பட்டது. அவ்வளவுதான் முடிந்தது.

அண்ணன் நலமாக இருக்கிறார். முதல் நாள் முழுவதும் அண்ணி அவரோடு பேசவில்லை. மறுநாள் அவர் கம்பை ஊன்றி எழுந்தபோது, "அந்தப் பக்கம் வழுக்கும்" என்றாள். அதிலிருந்து பேச்சு நிற்கவே இல்லை. கிராணி வந்து காலைப் பார்த்தார். "இவன எழுதி நான் யாருக்குக் கணக்குக் காட்டுறது" என்று பட்டியலில் பெயரை அடித்துவிட்டார். அண்ணன் இப்போது புகைவீட்டில் உட்கார்ந்து ஷீட் பிரிக்கிறார், என் வேலையை. என்னைவிட மெதுவாகத்தான் செய்கிறார்.

நேற்று அவரே என்னைக் கூப்பிட்டு, "நீ இங்க என்ன செய்யுற? எனக்கு அவ இருக்கா. அவளுக்கு நான் இருக்கேன். அவன் அங்க ஒத்தையில கெடக்கான்" என்றார். அண்ணி, "மார்கழியில எனக்கு வலி எடுக்கறதுக்கு முன்னாடி வந்துரு. அதுவரைக்கும் இருந்துட்டு வா" என்று துணியை மூட்டையாகவே கட்டிவிட்டாள். நான் சரி என்று சொல்வதற்குக்கூடக் காத்திருக்கவில்லை.

கோபம் எவ்வளவு மீதி என்று ஜூன் மாதம் கேட்டீர்கள். நான் பதில் எழுதவில்லை. எழுதினால் ஒன்றும் மீதி இல்லை என்று எழுத வேண்டியிருந்திருக்கும். அப்போது அதைக் கொடுத்துவிட மனம் வரவில்லை.

ஒட்டுப்பால் ஏற்ற லோரி இரண்டாம் தரம் இன்று வந்திருக்கிறது. நேரில் எனக்கு வாய் வராது என்று போன முறை தெரிந்துகொண்டேன். அதனால் சொல்ல வேண்டியதை எல்லாம் எழுதி, டிரைவர் சுப்பிரமணியம் அண்ணனிடம் கொடுத்து, கிடங்குக்குப் போனதும் முதலில் இதை உங்கள் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நின்று நிதானமாகப் படியுங்கள். எனக்கு அவசரம் இல்லை.

படித்து முடித்ததும் தலையை நிமிர்த்தி லோரிப் பக்கம் பாருங்கள்.

நவமணி